சமோவாவுக்கு ஓர் ஆற்றுப்படை

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தாகச் செல்வோன் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்பதற்குத் தனியோர் அதிகாரம் வகுத்தாரல்லர். வாயிலில் வந்து நிற்பவன் பண்பறிந்தவனாகவே இருப்பான் என்று அவர் கருதியிருத்தல் கூடும். இக்காலத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. விமானச் சீட்டு வாங்கியவரெல்லாம் விருந்தினராகிவிட்டனர். கடல் கடந்து ஒரு தீவைக் காணப் புறப்படுவோர் போடுந் திட்டந்தான் யாது? எந்த மாதத்தில் மழை குறைவு, எந்த விடுதியில் அறை மலிவு, எந்தக் கரையில் நின்றாற் படம் நன்றாக விழும்; இவ்வளவே. அங்கிருந்து தாம் எடுத்து வருவதைக் கணக்கிடுவோர் பலர். அங்கே தாம் எதனைக் கொண்டு செல்கின்றோம் என்று கணக்கிடுவோர் மிகச் சிலர். நான் ஈண்டு வற்புறுத்த எண்ணுவது அந்த இரண்டாவது கணக்கையே.

இவ்வெண்ணம் வெறும் புத்தக எண்ணமன்று. என் பழைய மாணாக்கரொருவர் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிற் குடியிருக்கின்றார். வருகின்ற ஆவணி விடுமுறைக்கு என்னை அழைத்திருக்கின்றார். "ஐயா, ஒருக்கா இஞ்சாலை வாங்கோ. இஞ்சையிருந்து நாலு மணித்தியாலப் பறப்புத்தான் சமோவா. பத்து நாள் நிண்டு பாத்திட்டு வருவம்" என்பது அவர் சொல். சொன்னதோடு அமையாது பத்து நாளுக்கும் ஒரு நிகழ்ச்சி நிரலும் எழுதி அனுப்பினார். நல்ல பிள்ளை; காலந்தவறாதவர். ஆயினும் அந்நிரலில் 'கடற்குளியல்' என்னுஞ் சொல் ஐந்து இடத்தில் வந்திருந்தது. மனிதர் என்னுஞ் சொல் ஓரிடத்திலேனும் வரவில்லை.

சமோவா பொலினீசியத் தீவுக்கூட்டத்துள் ஒன்று. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பதின்மூன்று, பதினான்கு பாகையில் உள்ளது. உப்போலு, சவாயி என்பன பெருந்தீவுகள். தலைநகராகிய ஆப்பியா உப்போலுவில் உள்ளது. மக்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம். கார்த்திகை முதற் சித்திரை ஈறாக மழையும் புயலும்; வைகாசி முதல் ஐப்பசி வரை ஒப்பளவில் வறண்ட காலம். தென்னையும் ஈரப்பலாவும் சேம்பும் வாழையும் உண்டு என்பதால் நம்மவர்க்கு உணவில் அந்நியமில்லை. ஆடவர் இடுப்பில் உடுப்பது நம் சாரம் போன்றதே, லாவாலாவா என்பர். பயணத் திட்டமென்று பிறர் விரித்து எழுதுவன இவைதாம். இவற்றுக்கு இத்துணை போதும்.

ஒரு புதுமையை மட்டும் சொல்லிச் செல்கின்றேன். 1899ஆம் ஆண்டு வல்லரசுகள் தம்முட் செய்த உடன்பாட்டினால் சமோவ மக்களின் தீவுகள் இரண்டு கூறாகப் பிரிக்கப்பட்டன. மேற்குக் கூறு ஜெர்மனிக்கும், கிழக்குக் கூறு அமெரிக்காவுக்கும் போயின. மேற்குக் கூறு 1914இல் நியூசிலாந்தின் கைக்கு வந்து, 1962ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி சுதந்திர நாடாயிற்று. கிழக்குக் கூறு இன்றும் அமெரிக்காவினதே. இரண்டுக்கும் இடையில் நூறு கிலோமீற்றர் சொச்சமே தூரம். ஆயினும் 2011ஆம் ஆண்டு மார்கழி 30ஆந் திகதி வெள்ளிக்கிழமையைச் சமோவா தன் நாட்காட்டியினின்றும் நீக்கி, திகதிக்கோட்டின் மறுபக்கம் தாவிற்று. ஆகவே இன்று இரு கூற்றிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்ட, கிழமை மட்டும் வேறாக இருக்கின்றது. மாமன் வீட்டில் ஞாயிறு. மருமகன் வீட்டிற் சனி. பிறர் மேசையில் வரைந்த கோடு ஒரு குடும்பத்தை எப்படியெல்லாம் பிரிக்கும் என்பதை அங்கே போகுமுன் அறிந்து போவது நன்று.

பத்துப்பாட்டைப் படித்தவர்க்கு ஆற்றுப்படை என்னும் இலக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பரிசில் பெற்றுத் திரும்புங் கலைஞன் எதிர்ப்பட்ட கலைஞனுக்கு வழிகூறுவது அது. வழி மட்டுமா கூறுகின்றது? இடையில் எந்நிலத்து மக்கள் எவ்வுணவு தருவர், அவர்பால் என்ன சொல்லி நிற்றல் வேண்டும், எங்கே கவனமாக அடிவைத்தல் வேண்டும் என்றெல்லாம் கூறும். மலைபடுகடாத்தில் இத்தகைய எச்சரிக்கைகள் மிகப் பல. பயணத் திட்டம் என்பது எனக்கு அதுதான், விலைப்பட்டியலன்று.

சமோவரிடத்தும் பயணத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. மலாஙா என்பது அதன் பெயர். ஓர் ஊரார் அல்லது ஒரு குடும்பத்தார் கூட்டமாகப் புறப்பட்டு வேறோர் ஊருக்கு முறைப்படி செல்லுதல் மலாஙா. முதலிற் செய்தி போகும். சென்றவர்கள் சுவரில்லாத, தூண்கள் மட்டுமே நிற்கும் பெரிய ஃபாலேயில், அவரவர் தகுதிக்குரிய தூணருகே அமர்வர். இரு பக்கத்தும் துலாஃபாலே எனப்படும் நாவலர் உளர். கையிற் கோலும் தோளில் நார்ச்சாமரையும் உடைய அவர்கள் எழுந்து, வந்தவர் குடிவரிசையையும் இருந்தவர் குடிவரிசையையும் சொல்லி உரையாற்றுவர். பின்னர் 'ஆவா' என்னும் வேரைக் கரைத்த பானம் சிரட்டைக் கிண்ணத்தில் முறைப்படி வழங்கப்படும். இந்த ஆவாச் செடி தாவர நூலாரின் வகுப்பின்படி மிளகுக்கும் வெற்றிலைக்கும் உடன்பிறப்பு. வந்தவர்க்கு முதலில் வெற்றிலைத் தட்டை நீட்டும் நம்மவர் இதனை அறிந்தால் மகிழ்வர். ஈற்றில் தாழையோலையை நுண்ணிதாகக் கிழித்து மாதக்கணக்கில் முடைந்த பாய்கள் கைமாறும். போனவர் வெறுங்கையோடு போவதுமில்லை; வெறுங்கையோடு திரும்புவதுமில்லை.

இவ்வளவு நுணுக்கமான விருந்தியல் உடைய மக்களிடம், 'எங்கே நீந்தலாம்?' என்னும் ஒரே கேள்வியுடன் போய் இறங்குவது எத்தகைய வறுமை! அங்கே கரை என்பது பொதுச் சொத்தன்று என்பதையும் பலர் அறியார். நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் உரிய மரபுநிலமே, விற்கப்படாதது. மாத்தாய் எனப்படும் குடும்பத்தலைவர் அதனைக் காப்பவர். கரையில் இறங்கச் சிறிய தொகையொன்று கேட்பின், முகஞ்சுளித்துப் பேரம்பேசுவோர் உளராம். பிறர் வீட்டு முற்றத்திற் குளிப்பதற்கு அனுமதி கேட்பதே முறை. கொடுக்குங் காசு நுழைவுச்சீட்டன்று.

இனி மொழிக்கு வருகின்றேன். தமிழாசிரியனொருவன் இவ்விடத்திற் சற்று நீளமாக நிற்பின் நேயர்கள் பொறுத்தருள்க.

சமோவ மொழியை அதன் மக்கள் 'ஙஙானா' என்பர். மொழி என்பது பொருள். ஆம், ஙகரமே! நம் தொல்காப்பியர் மொழிமுதலாக ஏற்காத எழுத்து. நன்னூலார் 'அங்ஙனம், இங்ஙனம்' என்பவற்றின் பொருட்டு அரைமனத்தோடு இடங்கொடுத்த எழுத்து. நெடுங்கணக்கில் வரிசை காக்க நிற்பதன்றி வேறு வேலை இல்லாத அந்த எழுத்து, பசிபிக் மாகடலின் நடுவே சொல்லுக்கு முதலாகி அரசு செலுத்துகின்றது. உரோம எழுத்தில் எழுதும்போது அவ்வொலிக்கு ஒரே எழுத்தை மிஷனரிமார் வகுத்ததனால், அமெரிக்கச் சமோவாவின் தலைநகரைப் 'பாகோ பாகோ' என்று உலகம் பிழையாகப் படிக்கின்றது. அது பாஙோ பாஙோ. ஆங்கிலேயர் இடர்ப்படும் இவ்விடத்தில் நம் மாணவன் ஒருவன் இடர்ப்படான். அரிச்சுவடியில் எழுதிய ஙப்போல் வளை இங்கே கைகொடுக்கும்.

அன்றியும், அம்மொழியில் நமக்குப் பழக்கமான வேறொன்றும் உண்டு. எழுத்திலும் பள்ளியிலும் தேவாலயத்திலும் தகரம் வரும் இடத்தில், வீட்டுப் பேச்சிற் ககரம் வரும். மனிதனைக் குறிக்குந் 'தஙாதா' வீட்டிற் 'கஙாகா' ஆகிவிடும். முதலதை நற்பேச்சு என்றும், மற்றையதைத் தீப்பேச்சு என்றும் அவர்களே பெயரிட்டுள்ளனர். செந்தமிழ் கொடுந்தமிழ் என்று நாம் பிரித்ததை ஒக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஊர்மன்றத்தில் நாவலர் எழுந்து மரபுரை நிகழ்த்தும்போது பயில்வது அந்தத் 'தீப்பேச்'சின் ககரமே! பெயரைக் கொண்டு தரத்தை அளக்கலாகாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்றை நான் கண்டிலேன். எங்கள் வகுப்பறைகளிற் பேச்சுத்தமிழைத் தீண்டத்தகாததாக நடத்தும் என் சக ஆசிரியர் சிலர்க்கு இதனை எடுத்துச் சொல்லியிருக்கின்றேன். அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது.

மரியாதைச் சொற்கள் தனியொரு கடல். 'வா' என்பதற்குப் பெருங்குடித் தலைவர்க்கு ஒரு சொல், நாவலர்க்கு வேறு சொல். வீடு என்பதற்குப் பொதுச்சொல் ஃபாலே. தலைவரது வீடு 'மாவோதா'. நாவலரது வீடு 'லாவோவா'. 'எழுந்தருளுக' என்றும் 'அமுதுசெய்க' என்றும் வழங்கிய மொழியினர் இதனை விளங்கிக்கொள்வர். பத்து நாளுக்குப் போவோன் இவற்றையெல்லாம் கற்க இயலாதுதான். 'தலோஃபா' என்று வணங்கவும், 'ஃபாஅஃபெதாய்' என்று நன்றி சொல்லவும், அமர்ந்திருப்போர் முன்னால் நடக்க நேர்ந்தாற் குனிந்து 'துலோ' என்று சொல்லவுமாவது கற்கலாம். மூன்று சொல். ஒரு பிற்பகலுக்கு மேல் வேண்டாம்.

அத்தீவில் இறங்கி அம்மக்கள் மொழியிலே ஒரு பெயர் பெற்ற அந்நியர் ஒருவர் உண்டு. 'புதையற்றீவு' என்னுங் கதையால் நம் மாணவர்க்கு அறிமுகமான றொபேட் லூயி ஸ்டீவன்சன். நோயாளியாக 1889ஆம் ஆண்டு ஆப்பியாவில் இறங்கியவர், வைலிமா என்னுமிடத்தில் வீடு கட்டி, 1894 மார்கழி 3ஆந் திகதி தமது நாற்பத்து நான்காம் வயதில் அங்கேயே இறந்தார். அவரைத் துசிதாலா என்றனர். கதை எழுதுபவர் என்பது பொருள். (தாலா என்பது கதை; அந்நாட்டு நாணயமும் தாலாவே. ஆனால் அது 'டொலர்' என்பதன் திரிபு. கதையும் காசும் ஒரே ஒலியில் அமைவது அங்கே மட்டுந்தான் போலும். இங்கே எழுத்தாளர்க்கு அவை சந்திப்பதேயில்லை.) அவர் கதையொன்று 1891இற் சமோவ மொழியிலேயே மிஷன் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. வல்லரசுகள் அத்தீவில் ஆடிய சூதை விரித்து அடுத்த ஆண்டில் ஒரு நூல் எழுதினார். சிறையிலிடப்பட்ட தலைவர்களைப் போய்ப் பார்த்து உதவினார். விடுதலையானதும் அத்தலைவர்கள் தம் கையாலேயே அவர் வீட்டுக்கு ஒரு பாதை வெட்டிக் கொடுத்தனர். அன்பின் பாதை என்று அதற்குப் பெயர். மரியாதை பெறுதற்கு அங்கேயே வாழ்ந்து இறத்தல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயின், சென்ற இடத்தின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதியவர்க்கே அந்தப் பாதை வெட்டப்பட்டது.

மறுபக்கத்துக்கு மார்கிறட் மீட் அம்மையாரைச் சொல்லலாம். இருபத்து மூன்று வயதில், 1925ஆம் ஆண்டு, அமெரிக்கச் சமோவாவிற் போய் இறங்கித் தாவூத் தீவிற் சில மாதம் இருந்து, 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். சமோவ இளம்பெண்களின் வாழ்வு கவலையற்றது என்றது அந்நூல். உலகம் அதனை நம்பிற்று. 1983இல் டெறெக் பிறீமன் என்னும் அறிஞர் அது முற்றிலும் தவறென்று வேறொரு நூல் எழுதினார். அவர்களுக்குள் யார் சரி என்று அறிஞருலகம் பல்லாண்டு வாதிட்டது. அதனுள் நான் நுழையேன். இரு வெள்ளையர் வாதிட, யாரைப் பற்றிய வாதமோ அவர்கள் ஒதுங்கி நின்றது மட்டும் என் நெஞ்சை உறுத்துகின்றது. அவர்கள் தாமே எழுதிய நூல்கள் இல்லாமலா போயின? ஆப்பியாவில் 1939இற் பிறந்த அல்பேட் வென்ட், தாய்நாடு திரும்பும் மைந்தரைப் பற்றி 1973இலும், ஆலமரத்து இலைகள் என்னும் பொருள்படும் பெயரில் 1979இலும் நாவல் எழுதியிருக்கின்றாரே. பயணத்துக்கு முன் ஒரு நூல்தான் படிக்க நேரமுண்டெனின், நான் கைகாட்டுவது வென்ட் அவர்களையே.

இனி, தொடக்கத்திற் சொன்ன கணக்கு. கொண்டு செல்வது.

1918ஆம் ஆண்டு கார்த்திகை 7ஆந் திகதி, ஒக்லாந்திலிருந்து புறப்பட்ட தலூன் என்னுங் கப்பல் ஆப்பியாத் துறையை அடைந்தது. இன்புளுவென்சாக் காய்ச்சல் கண்டவர்கள் அதிலிருந்தனர். ஆயினும் கப்பல் மறிக்கப்படவில்லை, பயணிகள் இறங்கினர். சில கிழமைகளுள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். மக்களுள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஊர்மரபைச் சொல்ல வல்ல முதியோரும் நாவலருமாகப் பெருந்தொகையினர் ஒரே மாதத்தில் மறைந்தால், அம்மொழிக்கு என்ன நேர்ந்திருக்கும்? நூலகம் எரிந்ததை அறிந்தவர் நாம். நான் விரிக்க வேண்டியதில்லை. அதே மாதத்தில் அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் துறையை மூடினார். அங்கே அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நூறு கிலோமீற்றர் இடைவெளியில், ஒரே மக்கள், ஒரே காற்று. வேறுபாடு வருவோரை நிறுத்தி வைத்த ஓர் ஆணை. 2002ஆம் ஆண்டு நியூசிலாந்துப் பிரதமர் ஆப்பியாவுக்கு வந்து இதற்காக மன்னிப்புக் கேட்டார். 1929 மார்கழி 28இல், விடுதலை வேண்டி அமைதியாக ஊர்வலம் போன மாவு இயக்கத்தினர்மீது பொலிசார் சுட்டதும், தலைவர் தூப்புவா தமசேசே வீழ்ந்ததும் அந்த மன்னிப்புள் அடங்கும்.

பழைய கதை என்று தள்ளுவார் உளராயின் 2019ஐ நோக்குக. அவ்வாண்டின் பிற்பகுதியிற் சின்னமுத்து நோய் சமோவாவிற் பரவிற்று. நியூசிலாந்திலிருந்து வந்த பயணியொருவர் வழியே அது நுழைந்ததென்று கருதப்படுகின்றது. முந்திய ஆண்டில் தடுப்பு மருந்தைத் தவறாகக் கலந்து ஏற்றியதால் இரு குழந்தைகள் இறந்திருந்தன. அந்த அச்சத்தால் மக்கள் தடுப்பூசியை விட்டு விலகியிருந்தனர். 5,700 பேருக்கு மேல் நோயுற்றனர். 83 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மார்கழி மாதத்தில் நாடெங்கும் அலுவல்களை நிறுத்தி, ஊசி போடாதார் வீட்டு வாயில்களிற் சிவப்புத் துணி கட்டச் செய்து, வீடுவீடாகப் போய் ஊசி போட்டனர். அந்தப் பயணி தீயவரல்லர். தாம் எதனைக் கொண்டு போகின்றார் என்பதை அறியாதவர். கொரோனாக் காலத்தில் அந்நாடு 2020 பங்குனியிற் கதவடைத்து 2022 ஆவணி வரை திறவாதிருந்தமையை மிகையான அச்சம் என்று எழுதியவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் படித்திருக்க மாட்டார்கள். அவ்வளவு காலமும் விடுதித் தொழிலாளர் வருவாயின்றி வருந்தினர் என்பதும் உண்மையே. வருவோர் வேண்டும், ஆனால் அறிந்து வருவோர் வேண்டும்.

நோய் மனிதர்க்கு மட்டுமன்று. 1993இல் நுழைந்த இலைக்கருகல் அத்தீவின் சேம்புப் பயிரைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. ஆகவே நம் வீட்டு வேப்பங்கன்றையும் மாங்கொட்டையையும் அன்பின் மிகுதியாற் பெட்டியிற் செருகிக்கொண்டு போவது அன்பாகாது.

விருந்தினர் பக்கக் கணக்கில் இன்னும் ஒன்று. நியூசிலாந்து தனக்கு ஆள் வேண்டியபோது தீவுமக்களைத் தன் தொழிற்சாலைகளுக்கு வரவேற்றது. 1970களில் வேலை குறைந்ததும், அனுமதிக்காலம் கடந்து தங்கினர் என்று விடியற்பொழுதிற் கதவைத் தட்டிப் பிடித்தது. அவ்வாறு தங்கியோருள் ஐரோப்பியரும் அமெரிக்கரும் பலர் இருந்தும், தேடப்பட்டவர் தீவுமக்களே. 2021 ஆவணி முதலாந் திகதி ஒக்லாந்து நகர மண்டபத்திற் பிரதமர் மன்னிப்புக் கேட்டபோது, சமோவரின் 'இஃபோஙா' என்னும் மரபுப்படி அவர்மேல் நுண்பாய் போர்த்தப்பட்டது. குற்றஞ் செய்தவர் தலைமேற் பாய் போர்த்துக் குனிந்திருப்பார்; துன்புற்றவர் பாயை நீக்கினால் மன்னிப்பு என்பது பொருள். பாய் நீக்கப்பட்டது. விருந்தினராகப் போய் இத்துணை அவமதிப்புப் பெற்ற மக்கள் இன்றும் தம் ஊருக்கு வருவோர்க்கு ஆவாக் கிண்ணம் நீட்டுகின்றார்கள் என்பதை எண்ணிக்கொண்டே அதனை வாங்குதல் வேண்டும்.

'இவ்வளவையும் நினைத்தால் இன்பம் எங்கே?' என்று என் மாணாக்கர் கேட்கின்றார். காணத்தக்கன எவையும் குறையவில்லை. சவாயியில் 1905 முதல் 1911 வரை எரிமலை கக்கிய குழம்பு உறைந்து கிடக்கும் சாலேயாவுலா வெளி உண்டு. குழம்பு புகுந்த தேவாலயமும் அங்கே நிற்கின்றது. கடலலை பாறைத்துளை வழியே வானுயரப் பீறும் அலோஃபாவாஙா உண்டு. சவாயிக்குத் தோணி ஏறும் முலிஃபனுவாத் துறையில், 1973இற் கடலடியைத் தோண்டியபோது, 2,800 ஆண்டுக்கு முற்பட்ட லப்பித்தா மட்பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டன. விண்மீனும் அலையும் பார்த்துக் கலஞ்செலுத்தி வந்த முதற்குடியினரின் கைவேலை. பயணிகளோ அவ்விடத்தில் நின்று தோணி தாமதமென்று முறையிடுவர்.

நிரலைத் திருத்தி அனுப்பியிருக்கின்றேன். ஐந்து கடற்குளியல் இரண்டாயின. புறப்படுவதற்கு ஆறு கிழமைக்கு முன் இருவரும் மருத்துவரைக் கண்டு ஊசி விவரம் பார்ப்பது முதல் வரியிற் சேர்ந்தது. காய்ச்சல் தடிமன் இருந்தாற் பயணத்தை ஒத்திவைப்பது இரண்டாம் வரி. சீட்டுக்காசு போனாற் போகட்டும். சவாயியில் மூன்று நாள் விடுதியை விட்டு, ஓர் ஊரில், அவ்வூரார் நடத்தும் ஃபாலேயில் தங்குவது. மாலையிற் சங்கொலியோ மணியொலியோ கேட்டு ஊர் வழிபாட்டுக்கு அடங்கும் நேரத்தில் தெருவில் நடவாதிருப்பது. வைலிமாவுக்கு ஒரு முழுநாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே அவர் ஒரு நீர்வீழ்ச்சியும் இரண்டு கடற்கரையும் எழுதியிருந்தார். அவற்றை நீக்கிவிட்டேன். அன்று மக்கள் வெள்ளையுடுத்துத் தேவாலயம் போய்வந்து, சூடான கற்களிற் சுட்ட உணவைக் குடும்பமாக இருந்து உண்பார்கள். அந்தக் கட்டத்தை எழுதாமலே விட்டிருக்கின்றேன். யாராயினும் அழைத்தாற் போவோம்.